குற்றப் பத்திரிகையில் இடம்பெறாதவை

அன்புள்ள ஐயா,

சட்டத்தை மீறிச் சோதனையிட்டு எடுத்த பொருளை, விசாரணை தொடங்கும் முன்பே அமெரிக்க நீதிபதிகள் ஒதுக்கிவிடுவார்கள் என்று படித்தேன். இங்கே போலீஸ் எப்படி எடுத்து வந்தாலும் கோர்ட் ஏற்றுக்கொள்ளும் என்கிறார் வழக்கறிஞரான என் மைத்துனர். அப்படியானால் விசாரணைக்கு முன்னால் குற்றம் சாட்டப்பட்டவருக்கு என்னதான் பாதுகாப்பு?

கே., திருச்சி

அன்புள்ள கே.,

உங்கள் மைத்துனர் சொன்னது பெருமளவு சரி. வருமான வரிச் சோதனை தொடர்பான பூரண்மல் வழக்கில், 1973 டிசம்பரில், உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது: சான்று வழக்குக்குத் தொடர்புடையதா என்பதே கேள்வி, சட்டம் வெளிப்படையாகத் தடுக்காதவரை, அது முறைகேடான சோதனையில் கிடைத்தது என்பதற்காக மட்டும் தள்ளிவிட வேண்டியதில்லை. அமெரிக்காவிலோ 1961-இல் மேப் வழக்குக்குப் பிறகு மாநில நீதிமன்றங்களும் அத்தகைய சான்றை ஒதுக்கியாக வேண்டும். அங்கே அதை முன்கூட்டியே செய்வதற்கு ஜூரி, அதாவது தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழு, ஒரு முக்கியக் காரணம்: ஒதுக்கிய சான்று அவர்கள் கண்ணில் படாமலே போகும். இங்கே ஜூரி முறை 1973-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோடு முடிந்துபோனது. சான்றை ஏற்பதா என்று பார்க்கும் நீதிபதியே தீர்ப்பையும் எழுதுகிறார். அவர் படித்துவிட்டதைப் படிக்காததாக ஆக்க எந்த உத்தரவாலும் இயலாது.

சட்டமே தடுக்கும் இடங்கள் உண்டு. காவல் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது என்பது அவற்றில் பழையது. இப்போது அது பாரதிய சாக்ஷ்ய அதிநியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு. ஆனால் அதன் வழியாக ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், கண்டெடுப்புக்கு நேரடியாகக் காரணமான பகுதி மட்டும் ஏற்கப்படும். ‘கத்தியை இன்ன இடத்தில் மறைத்து வைத்திருக்கிறேன்’ என்பது உள்ளே வரும், ‘அதனால்தான் குத்தினேன்’ என்பது வராது என்ற கோட்டை 1946-இல் கோட்டய்யா வழக்கில், அன்றைய இறுதி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் போட்டுக் கொடுத்தது. நம் நீதிமன்றங்களில் ‘வாக்குமூலத்தின் ஏற்கத்தக்க பகுதி’ என்று அடிக்கடி கேட்பது இதைத்தான். இந்தச் சிறு வாசல் வழியாகத்தான் வழக்குக்கு வழக்கு ஒரே அச்சில் வார்த்த மகஜர்கள் (பொருளைக் கைப்பற்றியதாகச் சாட்சிகள் முன் எழுதும் பத்திரங்கள்) வந்து சேர்கின்றன என்பது என் எண்ணம். போதைப்பொருள் வழக்குகளில் மட்டும் நீதிமன்றம் கறாராக இருந்திருக்கிறது: நடுவர் (மாஜிஸ்திரேட்) அல்லது அரசிதழ்ப் பதிவு பெற்ற அதிகாரி முன்னிலையில் சோதனை கோரும் உரிமையைத் தெரிவிக்காமல் உடலைச் சோதித்து எடுத்ததை, அவர் அதை வைத்திருந்தார் என்பதற்குச் சான்றாகக் கொள்ள முடியாது என்று 1999-இல் பல்தேவ் சிங் வழக்கில் ஐவர் அமர்வு தீர்ப்பளித்தது.

ஆகவே நம்மைப் பொறுத்தவரை, எதை ஒதுக்கினார்கள் என்பதைவிட, எதைக் காட்டினார்கள் என்பதே பெரிய கேள்வி. குற்றம் சாட்டப்பட்டவர் ஆஜரான 14 நாட்களுக்குள் முதல் தகவல் அறிக்கை, சாட்சிகளின் வாக்குமூலங்கள், போலீஸ் தன் வழக்குக்கு ஆதாரமாகச் சார்ந்து நிற்கும் ஆவணங்கள் ஆகியவற்றின் நகல்களை இலவசமாகத் தர வேண்டும் என்கிறது புதிய நடைமுறைச் சட்டத்தின் 230-ஆம் பிரிவு. சிக்கல், போலீஸ் திரட்டிவிட்டுச் சார்ந்து நிற்காதவற்றில் இருக்கிறது: பொருந்தாமல் போன கைரேகை அறிக்கை, ஆளே தென்படாத கேமரா பதிவு. விசாரணைக்கு முன் நீதிமன்றம் குற்றச்சாட்டு வனையும் கட்டத்தில் எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்) தன் தரப்பு ஆவணங்களைக் காட்டி வாதிட முடியாது என்று 2004-இல் தேவேந்திரநாத் பாதி வழக்கில் முடிவானது. அசைக்க முடியாத தரமுள்ள ஆவணம் மறைக்கப்பட்டிருந்தால் நீதிமன்றமே அதை வரவழைக்கலாம் என்று 2017-இல் ஒரு விலக்கு வந்தது. ஆனால் இருப்பதே தெரியாத ஒன்றை எப்படிக் கேட்பது?

அதற்காகத்தான் சார்ந்து நிற்காத ஆவணங்கள், பொருட்களின் பட்டியலையும் எதிரிக்குத் தர வேண்டும் என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் வழிகாட்டியது. மனோஜ் வழக்கில் 2022-இல் அதை உறுதிப்படுத்தியது. பணமோசடித் தடுப்பு வழக்குகளுக்கும் அது பொருந்தும் என்று 2025-இல் சொன்னது. கிடைப்பது பட்டியல்தான், அதைப் பார்த்து, வேண்டிய ஆவணத்தை மனு போட்டுக் கேட்க வேண்டும். எதிரிக்குச் சாதகமானதை அரசுத் தரப்பே எடுத்துக் கொடுக்க வேண்டும் என்ற 1963-இன் அமெரிக்க பிரேடி தீர்ப்போடு ஒப்பிட்டால் இது பாதி வழிதான். அமெரிக்காவிடம் நாம் பொறாமைப்பட வேண்டியது இந்தத் தீர்ப்புக்காகவே என்பேன்.

சோதனையையும் கைப்பற்றுதலையும் வீடியோவில் பதிந்து தாமதமின்றி நடுவருக்கு அனுப்ப வேண்டும் என்ற, புதிய நடைமுறைச் சட்டத்தின் 105-ஆம் பிரிவு நல்ல ஏற்பாடு. பதியாமல் விட்டால் கைப்பற்றிய பொருள் என்ன ஆகும் என்பதை அந்தப் பிரிவு சொல்லவில்லை. பூரண்மல் தீர்ப்பு இன்னும் நிற்கும் நிலையில், அந்த மௌனத்தை நீதிமன்றங்கள் எதிரிக்குச் சாதகமாக நிரப்பும் என்று நம்ப எனக்குத் தற்போது காரணம் தெரியவில்லை.