கன்னி நாய்க்கு வாங்கும் கயிற்றில் கொக்கி அடிக்கடி உடைகிறது, எதைப் பார்த்து வாங்குவது?

கன்னி, சிப்பிப்பாறை ஆகிய வேட்டைநாய் வகைகள் பூனையைக் கண்டால் நின்ற இடத்திலிருந்தே பாயும். அந்தத் திடீர் இழுப்பில் கயிறு தாங்கிவிடும், கொக்கிதான் போகும். பளபளவென்று மலிவாகத் தொங்குபவை பெரும்பாலும் துத்தநாகக் கலவை வார்ப்பு. வளையாமல் பட்டென்று உடையும்.

காந்தம் வைப்பது பாதிச் சோதனைதான். ஒட்டினால் அநேகமாகப் பூச்சிட்ட இரும்பு. ஒட்டாவிட்டால் பித்தளையாகவும் இருக்கலாம், துத்தநாகமாகவும் இருக்கலாம். ஓரத்தில் அரத்தால் லேசாகத் தேயுங்கள் (கடைக்காரர் முறைப்பார், ஒன்றை வாங்கிவந்தே தேயுங்கள்). உள்ளே மஞ்சள் என்றால் பித்தளை, நம்பலாம். வெள்ளையாக, சுலபமாகத் தேய்ந்தால் வேண்டாம். உவரி, கூடங்குளம் பக்கம் உப்புக்காற்று என்பதால் 316 ரக எவர்சில்வர் நல்லது. பாளையங்கோட்டைக்கு 304 போதும்.

கழுத்துப்பட்டை வளையத்தின் இணைப்பு பற்றவைத்ததா என்று பாருங்கள். வெறுமனே வளைத்து முட்டவிட்டது இழுவையில் வாய் பிளக்கும். இந்த நாய்களுக்குத் தலை ஒடுக்கம், சாதாரணப் பட்டை உருவிக்கொள்ளும். இழுத்தால் ஓரளவு மட்டும் இறுகும் அகலப்பட்டை வாங்குங்கள்.

தாமிரபரணியில் குளிப்பாட்டினால் கொக்கியின் ஸ்பிரிங்கில் மணல் புகுந்து நாக்கு பாதியில் நிற்கும். நல்ல தண்ணீரில் அலசிக் காயவிட்டு, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசுக்குப் பிடிக்கும்.