தண்ணீரில் வாழும் நத்தைக்கும் மூச்சு முட்டும்

சிங்கப்பூரின் தோ பாயோவிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: “மகனுக்காக மீன் கடையில் இரண்டு மஞ்சள் ஆப்பிள் நத்தைகள் வாங்கினோம். ஒருநாள் இரவில் ஒன்று தொட்டியைவிட்டு ஏறி வந்து தரையில் கிடந்தது. அதனால் நீரை விளிம்புவரை நிரப்பி, கண்ணாடி மூடியால் இறுக மூடிவிட்டோம். நான்காம் நாள் ஒன்று இறந்துவிட்டது. நீரில் வாழும் உயிருக்கு மூச்சு முட்டுமா? மழைக்குப் பிறகு புளோக்கின் கீழே ஊர்ந்து திரியும் பெரிய நத்தையையும் இதே தொட்டியில் விட வேண்டும் என்கிறான் மகன். விடலாமா?”

முட்டும். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், அந்த நத்தையின் சாவுக்கு அதுவே காரணமாக இருந்திருக்கக்கூடும். ஆப்பிள் நத்தைக்குச் சுவாச உறுப்புகள் இரண்டு. உடலின் வலப்பக்கம் உள்ள செவுளால் நீரில் கரைந்த ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். இடப்பக்கத்தில் நுரையீரலாகச் செயல்படும் ஒரு பை இருக்கிறது. நீரில் ஆக்சிஜன் குறையும்போது நத்தை கண்ணாடியில் மெல்ல ஏறி, நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே நின்று, கழுத்தின் இடப்புறத்திலிருந்து சதைக்குழாய் ஒன்றை மேலே நீட்டும். குழாயின் நுனி காற்றைத் தொட்டதும் தலையும் உடலும் ஓட்டுக்குள் போவதும் வெளியே வருவதுமாகப் பலமுறை அசையும். அது காற்றை உள்ளே இழுக்கும் அசைவு. தொட்டியின் அருகில் பத்து நிமிடம் உட்கார்ந்தால் உங்கள் மகனே இதைக் கண்ணால் பார்க்கலாம்.

நம் ஊர் வெப்பத்தில் இந்தக் குழாயின் தேவை இன்னும் கூடுகிறது. 20 டிகிரி செல்சியஸ் நன்னீர் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 30 டிகிரியில் அது சுமார் 7.5 மில்லிகிராமாகக் குறைந்துவிடும். சூடேறிய நீரில் நத்தையின் உடல் வேகமாக இயங்குவதால் அதற்கு வேண்டிய ஆக்சிஜனோ அதிகம். மின்விசிறி மட்டும் ஓடும் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டில், விளிம்புவரை நிரம்பி மூடப்பட்ட தொட்டியில், குழாயை நீட்டக் காற்றே இல்லாமல் போயிருக்கிறது.

ஆகவே இன்றே நீர்மட்டத்தை விளிம்பிலிருந்து 5 முதல் 8 சென்டிமீட்டர் வரை குறையுங்கள். மூடி இருக்கட்டும், ஆனால் காற்றுப் போக இடைவெளி வேண்டும். நத்தை தள்ளித் திறக்க முடியாதபடி கனமாகவும் இருக்க வேண்டும். அன்றிரவு நத்தை தொட்டியைவிட்டு வெளியேறியது முட்டையிட இடம் தேடியும் இருக்கலாம். பெண் ஆப்பிள் நத்தை முட்டைகளை நீருக்குள் இடாது, நீர்மட்டத்துக்கு மேலே உலர்ந்த பரப்பில் கொத்தாக ஒட்டிவைக்கும். குஞ்சுகள் வேண்டாமென்றால் அந்தக் கொத்தை உடனே எடுத்து, உறையவைத்து, குப்பையில் போடுங்கள். முட்டையையோ நத்தையையோ கால்வாயிலும் நீர்த்தேக்கத்திலும் விடக்கூடாது. அனுமதியின்றி விலங்குகளை விடுவது இங்கே சட்டப்படி குற்றம்.

அடுத்தது நீர். பொதுப் பயனீட்டுக் கழகம் நமக்கு வழங்கும் குழாய்நீரில் கிருமிநாசினியான குளோரமைன் கலந்திருக்கிறது. நீரை ஒரு நாள் வாளியில் பிடித்துவைக்கும் பழைய வழக்கம் குளோரினுக்குப் பயன்படும், குளோரமைனுக்குப் போதாது. மீன் கடைகளில் விற்கும், குளோரமைனையும் நீக்கும் கரைசலைச் சேர்த்த பிறகே நீரைத் தொட்டியில் ஊற்றுங்கள். மீன் நோய் மருந்துகளில் தாமிரம் இருக்கிறதா என்று லேபிளைப் பார்த்துக்கொள்ளுங்கள். சிறிதளவு தாமிரமும் நத்தையைக் கொன்றுவிடும்.

ஓட்டுக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். கணவாய் ஓடு ஒரு துண்டைத் தொட்டியில் போட்டால் போதும். வேகவைத்த காங்கோங் கீரையும் வெள்ளரியும் விரும்பித் தின்னும். மிச்சத்தை அன்றே எடுத்துவிடுங்கள், அழுகினால் நீர் கெடும்.

புளோக்கின் கீழே திரிவது பெரும்பாலும் ஆப்பிரிக்கப் பெருநத்தை. அதற்குச் செவுள் கிடையாது. ஓட்டின் விளிம்புக்கு அடியில் வலப்புறம், சட்டைப் பொத்தான் துளைபோலத் திறந்து மூடும் ஒரு சிறு வாய் இருக்கிறது. காற்று அதன் வழியாகத்தான் நுரையீரலுக்குப் போகும். தொட்டியில் விட்டால் அது மூழ்கிச் செத்துவிடும். மனிதருக்கு மூளையுறை அழற்சியை உண்டாக்கக்கூடிய எலி நுரையீரல் புழுவும் அதன் உடலில் இருக்கலாம் என்பதால், வெறுங்கையால் தொடாமல் தூரத்திலிருந்து பார்க்கச் சொல்லுங்கள். ஆப்பிள் நத்தையும் இப்புழுவைச் சுமக்கக்கூடும். தொட்டியில் கைவிட்டால் சோப்புப் போட்டுக் கழுவுவது அவசியம்.

மீதமுள்ள நத்தை அசையாமல் கிடந்தால் செத்துவிட்டதென்று அவசரப்படாதீர்கள். ஓட்டின் வாயை அடைக்கும் கெட்டியான தகடு இறுக மூடியிருந்தால் பெரும்பாலும் உயிர் இருக்கிறது. தகடு தளர்ந்து தொங்கி, முகர்ந்ததும் கடும் நாற்றம் வீசினால்தான் உயிர் போய்விட்டதாகக் கொள்ள வேண்டும். அப்போது நீரைக் கெடுக்குமுன் அதை எடுத்துவிடுங்கள்.