கல்விக்கு ஜிடிபியில் (நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பில்) 6% செலவழிக்க வேண்டும் என்று எப்போதிருந்தோ சொல்கிறார்கள். ஏன் இன்னும் எட்டவில்லை?

வியாசர்பாடியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பொருளாதாரம் படித்தவன் இல்லை. ஆனால் குரூப் 2 பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளின் நோட்ஸை நகலெடுத்து நகலெடுத்தே இந்த 6 எனக்கு மனப்பாடம். 'கோத்தாரி கமிஷன், 1964-66, தேசிய வருமானத்தில் 6%.' ஒரு மார்க் கேள்வி. கல்வியை எப்படிச் சீர்திருத்தலாம் என்று ஆராய மத்திய அரசு போட்ட கமிஷன் அது. 1985-86க்குள் எட்ட வேண்டும் என்று அது கெடு வைத்ததைத்தான் நோட்ஸில் யாரும் எழுதுவதில்லை. 1968 கல்விக் கொள்கையிலும் 6, 1986லும் 6, 2020லும் அதே 6.

இப்போது எவ்வளவு என்றால், யார் எண்ணுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. பட்ஜெட்டுக்கு முன்னால் மத்திய அரசு வெளியிடும் பொருளாதார ஆய்வறிக்கை, மத்திய, மாநில அரசுகள் கல்வித் தலைப்பில் செய்யும் செலவை மட்டும் எடுத்துக்கொண்டு 3க்குக் கொஞ்சம் கீழே காட்டும். கல்வி அமைச்சகம் மற்ற துறைகள் கல்விக்குச் செலவழிப்பதையும் சேர்த்துக்கொள்ளும். 2020 கொள்கையில் வரும் 4.43% அப்படி எடுத்த 2017-18 கணக்கு. டீக்கடையில் ஒருவர் 3 என்றும் இன்னொருவர் 4 என்றும் சண்டை போட்டால், இரண்டு பேரும் சொல்வது சரிதான்.

பெரிய எண்ணையே வைத்துக்கொள்வோம். ஒன்றரை சதவீதம்தானே பாக்கி என்று தோன்றும். 2024-25ல் நாட்டின் ஜிடிபி சுமார் 330 லட்சம் கோடி. அதில் ஒன்றரை சதவீதம் என்றால் கிட்டத்தட்ட 5 லட்சம் கோடி ரூபாய். மத்திய கல்வி அமைச்சகத்துக்கு 2025-26 பட்ஜெட்டில் ஒதுக்கியது மொத்தமே 1.28 லட்சம் கோடி. போதாததற்கு ஜிடிபி வருஷா வருஷம் வளர்கிறது. செலவும் அதே வேகத்தில் ஏறினால்தான் இருக்கிற சதவீதமாவது நிற்கும்.

"அதான் கல்விக்குன்னு 4% பிடிக்கிறாங்களே சார்?" என்று கடையில் கேட்பார்கள். அது வருமானத்தில் 4% இல்லை, கட்டுகிற வரியின் மேல் 4%. 2004ல் 2% ஆக ஆரம்பித்து, 2007ல் 3 ஆகி, 2018ல் சுகாதாரத்தையும் சேர்த்து 4 ஆக்கினார்கள். இப்படி ஒரு நோக்கத்துக்கென்று தனியாகப் பிடிக்கும் வரிக்கு செஸ் என்று பெயர். செஸ் என்பதால் மாநிலங்களுக்குப் பிரித்துக்கொடுக்கும் வரிப் பங்கில் அது சேராது. ஆனால் பள்ளிக்கூடம் நடத்துகிற செலவில் பெரும்பகுதி மாநிலத்தின் தலையில்தான். அதிலும் முக்கால்வாசி ஆசிரியர் சம்பளத்துக்கே போய்விடுகிறது என்று சலித்துக்கொள்கிறவர்கள் உண்டு. எனக்கு அந்தச் சலிப்பு புரிவதில்லை. பள்ளிக்கூடத்தில் வேறு எதற்குப் போக வேண்டும்?

போன மே மாதக் கடைசியில் ஒரு அம்மா வந்தார். கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும். ஆதார் கார்டை நீட்டி, "ரெண்டு காப்பி போடுண்ணா. ஒன்னு ஸ்கூலுக்கு, ஒன்னு சேட்டு கடைக்கு" என்றார். பையனை தனியார் பள்ளியில் எல்.கே.ஜி. சேர்க்கப் போகிறாராம். வீட்டுக்குப் பக்கத்திலேயே அரசு பள்ளி இருக்கிறதே, காலைச் சாப்பாடுகூட போடுகிறார்களே என்றேன். (வாய் சும்மா இருக்காது எனக்கு.) "பெரியவன் அங்கதாண்ணா படிச்சான். மூணு கிளாஸுக்கு ஒரே டீச்சர்."

எல்லா அரசு பள்ளியும் அப்படி இல்லை, தெரியும். ஆனால் அந்தப் பள்ளியில் இல்லாத இன்னும் இரண்டு டீச்சரின் சம்பளம்தான் நீங்கள் கேட்கிற அந்த ஒன்றரை சதவீதம். அரசு போடாததை அந்த அம்மா செயினை வைத்துப் போடுகிறார். 6% என்பது அரசு செய்யும் செலவு மட்டும் என்பதால், அவர் கட்டும் ஃபீஸும், அதற்கு அடகுக் கடையில் கட்டும் வட்டியும் அந்தக் கணக்கில் வராது.

என் பெண்ணும் தனியார் பள்ளியில்தான் படிக்கிறாள். ஜூன் பத்தாம் தேதிக்குள் முதல் டெர்ம் கட்ட வேண்டும்.