ரம்பம் போன்ற விளிம்புக்குத் தமிழில் ஒரே சொல் உண்டா?

வேப்பிலை ஓரம் மாதிரி பல் பல்லாக இருப்பதை ‘ரம்பம் போன்ற விளிம்பு’ என்று நீட்டாமல் எப்படிச் சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் நினைவுக்கு வருவது கருக்கு. பனங்காட்டில் வளர்ந்தவர்களுக்கு விளக்கமே வேண்டாம். பனைமட்டையின் இரண்டு ஓரத்திலும் கறுப்பாக, தாறுமாறாக நீட்டிக்கொண்டிருக்கும் பல்தான் கருக்கு. நார் கிழிப்பவர்கள் முதலில் அதைச் சீவி எறிவார்கள். சீவாத மட்டையில் உட்கார்ந்து இழுவை வண்டி விளையாடியதில் என் தொடையில் விழுந்த கோடு இன்னும் மறையவில்லை.

கதிர் அறுக்கும் அரிவாளுக்கும் கருக்கு உண்டு. அதனால் கருக்கரிவாள், தெற்கே பன்னரிவாள், அதாவது பல் அரிவாள். விறகை ஓங்கி வெட்டுகிறோம், அதற்குப் பல் தேவையில்லை. நெல்லை அப்படியில்லை, தாளைக் கைப்பிடியாகப் பிடித்து இழுத்து அறுக்க வேண்டும். வாய் வழவழப்பாக இருந்தால் தாள் வழுக்கும். பல் தேய்ந்தால் பட்டறையில் கொல்லர் உளி வைத்து மறுபடி கருக்கு வெட்டித் தருவார்.

சரி, வேப்பிலைக்கும் கருக்கு என்றே சொல்லலாமா? எனக்கு மனசு வரவில்லை. கருக்கென்றால் கிழிக்க வேண்டும். வேப்பிலையைக் கன்னத்தில் தேய்த்தாலும் கீறாது.

அதற்கு வேறொரு பழைய சொல் இருக்கிறது: அரவாய். சங்க நூலான பொருநராற்றுப்படையில் ‘அரவாய் வேம்பு’ என்று வருகிறது. அரம், வாய் என்று பிரியும். அரிவாளின் வாய் என்கிறோமே, அதே வாய். அரம் என்றதும் இரும்பைத் தேய்க்கும் கருவிதான் நமக்குத் தோன்றும்; ஆனால் சங்கை அறுத்து வளையல் செய்த ரம்பத்துக்கும் அக்காலத்தில் அரம், வாளரம் என்றே பெயர். வேடிக்கை என்னவென்றால், அதற்கு முந்தைய வரியிலேயே பனை நிற்கிறது. சேரன் அடையாளமாகச் சூடுவது பனந்தோடு, அதாவது பனையோலை; பாண்டியன் சூடுவது வேம்பு. இருவரையும் சோழன் கரிகாலன் வெண்ணிப் போர்க்களத்தில் வென்ற கதை அது. தொடையைக் கிழிக்கும் மரத்தை விட்டுவிட்டு, புலவர் பல்லைக் கவனித்தது வேம்பில்தான்!

ஆக, செடிகொடி பற்றி எழுதுகிறீர்கள் என்றால் வேம்பு, செம்பருத்தி, புதினாவுக்கு அரவாய் இலை என்று எழுதுங்கள். கையைப் பதம் பார்க்கும் தாழை மடல், அன்னாசி இலைக்குக் கருக்கு பொருந்தும். ரொட்டி அறுக்கும் கத்திக்கு இரண்டுமே வேண்டாம். கடையில் ‘பல்லு வச்ச கத்தி’ என்று கேளுங்கள், எடுத்துத் தருவார்கள்.