நான்கு வயதும் பென்சிலும் (கடிதம்)

ஐயா, வணக்கம். என் மகளுக்கு நான்கு வயது. ஜூன் மாதத்திலிருந்து எங்கள் ஊர் அங்கன்வாடிக்குப் போகிறாள். பாட்டு, கதை, புளியங்கொட்டை என்று தினமும் விளையாட்டுதான். இன்னும் பென்சிலைத் தொடவில்லை. இவள் வயதேயான பக்கத்து வீட்டுப் பையன் எல்கேஜியில் நான்கு பக்கம் வீட்டுப்பாடம் எழுதுகிறான். பிள்ளைக்கு ஒரு வருஷம் வீணாகிறது என்று மாமியார் சொல்லிக்கொண்டே இருக்கிறார். பள்ளியை மாற்றிவிடலாமா?

ஒரு வாசகி, உடுமலை

அன்புள்ள சகோதரிக்கு,

பென்சிலைத் தொடவில்லை என்பதற்காக மாற்ற வேண்டாம். மணிக்கட்டில் அமைய வேண்டிய 8 சிற்றெலும்புகளும் பிறக்கும்போது வெறும் குருத்தெலும்புதான். நான்கு வயதில் அவற்றில் ஏறத்தாழப் பாதியே எலும்பாகத் தொடங்கியிருக்கும். விரல்களை ஆளும் திறனும் அப்போதுதான் கூடி வருகிறது. பக்கத்து வீட்டுப் பையன் எழுதும்போது அவன் தோளைக் கவனியுங்கள். பெரும்பாலும் எழுதுவது அதுவாகத்தான் இருக்கும்.

அந்த வயதில் எழுதவே முடியாது என்று சொல்லவில்லை. 1907-இல் ரோம் நகரின் சான் லொரென்சோ பகுதியில் மரியா மாண்டிசோரி தொடங்கிய குழந்தைகள் இல்லத்தில் நான்கு வயதுப் பிள்ளைகள் எழுதியதுண்டு. ஆனால் அவருடைய முறையில், குமிழ் வைத்த மர உருளைகளை விரல்நுனியால் பிடித்துக் குழிகளில் பொருத்துவதும், உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளை விரலால் தடவுவதும் முதலில் வரும். 1939-இல் அவர் அடையாற்றுக்கு வந்தார். அதற்கு வெகுகாலம் முன்பே நம் திண்ணைப் பள்ளிகளில் எழுத்தாணிக்கு முன்னால் மணல் இருந்தது.

புளியங்கொட்டையைப் போகிறபோக்கில் எழுதிவிட்டீர்கள். சென்ற மாதம் ஓர் அங்கன்வாடியில் ஒரு காலைப்பொழுது உட்கார்ந்திருந்தேன். ஒரு சிறுமி ஏழு கொட்டைகளை ஒன்பது என்று எண்ணினாள். வாய் விரலை முந்திக்கொண்டு ஓடியது. டீச்சர் தப்பு என்று சொல்லாமல் பல்லாங்குழியை எடுத்து வைத்து, "குழிக்கு ஒண்ணா போட்டுக்கிட்டே சொல்லு பார்ப்போம்" என்றார். மூன்றாம் முறை ஏழில் வந்து நின்றது. பிறகு, "எனக்கு ரெண்டு குடுத்தா உனக்கு எத்தனை இருக்கும்?" என்று கேட்டுவிட்டு, வாசலில் யாரோ கூப்பிட்டும் திரும்பாமல், அவள் பதில் சொல்லும்வரை காத்திருந்தார். பொருளுக்கு ஓர் எண் என்ற இந்தப் பொருத்தம் கைவராத பிள்ளை நூறு வரை சொன்னாலும் அது பாட்டுதான்.

உங்கள் ஊரில் அந்தக் காத்திருத்தல் நடக்கிறதா என்பதைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும். அங்கன்வாடிகளை நடத்துவது 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம். அதன் ஆறு சேவைகளில் முன்பருவக் கல்வி ஒன்றுதான். எடை பார்ப்பது, சத்துமாவு கொடுப்பது, பதிவேடு எழுதுவது, அதையே செல்போன் செயலியில் மறுபடி ஏற்றுவது என்று பணியாளர் தலையில் வேலை குவியும்போது, பிள்ளைகளோடு பேசும் நேரமே முதலில் குறைகிறது. ஒரு நாள் பத்து மணிக்குப் போய் அரைமணி நேரம் இருந்து பாருங்கள். பிள்ளைகளைக் கைகட்டி வாய்மூடி உட்கார வைத்திருந்தால் தாராளமாக மாற்றுங்கள். சேர்க்கப்போகும் எல்கேஜியிலும் நோட்டுப்புத்தகத்தைப் புரட்டுவதற்கு முன் இதையே பாருங்கள்.

வீட்டுப் பரணில் பல்லாங்குழி கிடக்கிறதா என்று மாமியாரிடம் கேளுங்கள். இருந்தால், மாலை நேரத்துப் பாடத்தை அவரே எடுக்கட்டும்.