மூன்றாவது ஆள் வந்ததும் படம் நிற்பது ஏன்?

சொந்தமாக மீட்டிங் சர்வர் வைத்திருக்கும் நம்ம நெல்லைப் பக்கத்து ஆட்கள் கேட்டவை, அவற்றுக்கு என் பதில்கள்.

பாளையங்கோட்டை, டியூஷன் ஆசிரியர்: அண்ணாச்சி, வீட்டு கம்ப்யூட்டரில் ஜிட்சிங்கிற வீடியோ மீட்டிங் சாஃப்ட்வேர் போட்டிருக்கேன். ரெண்டு பேர் பேசினா அருமையா இருக்கு. மூணாவது பையன் வந்ததும் எல்லாருக்கும் படமும் சத்தமும் போயிருது.

இரண்டே பேர் என்றால் ஜிட்சி சர்வரை ஒதுக்கிவிட்டு இருவரையும் நேரடியாக இணைத்துவிடும். மூன்றாமவர் வந்தால்தான், ஒருவர் படத்தையும் சத்தத்தையும் மற்றவர்களுக்கு அனுப்பும் வீடியோபிரிட்ஜ் என்ற சர்வர் பகுதி வேலைக்கு இறங்கும். ஆக, நீங்கள் இதுவரை சர்வரைச் சோதிக்கவே இல்லை.

முதலில் ரவுட்டரில், படமும் சத்தமும் வரும் வழியான யுடிபி 10000 போர்ட்டை அந்த கம்ப்யூட்டருக்குத் திருப்பிவிடுங்கள். பலர் வெப் பக்கம் வரும் டிசிபி வழியை மட்டும் திறந்துவிட்டு யுடிபியை மறந்துவிடுகிறார்கள். அடுத்தது முகவரி. பிரிட்ஜுக்கு 192.168 என்று தொடங்கும் வீட்டு முகவரி மட்டும் தெரிந்தால், வெளியூர்ப் பையனுக்கும் அதையே கொடுக்கும். அவன் எங்கே போய்த் தேடுவான்? பிரிட்ஜின் கன்பிக் ஃபைலில் உள் முகவரி, வெளி முகவரி இரண்டையும் எழுதி ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

அப்புறமும் சரிவரவில்லையா? ரவுட்டரின் வெளிப்பக்க ஐபி முகவரியைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரை ஏதாவது ஒன்றில் தொடங்கினால், உங்கள் நெட் கம்பெனி ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கு போட்டிருக்கிறது. அங்கே போர்ட் திறந்து பயனில்லை. உங்களுக்கென்றே மாறாத பொது முகவரி, அதாவது ஸ்டாட்டிக் ஐபி கேளுங்கள், இல்லையென்றால் மும்பை டேட்டா சென்டரில் ஒரு மெய்நிகர் சர்வரை (விபிஎஸ்) வாடகைக்கு எடுங்கள். நான் இரண்டாவதைத்தான் சொல்வேன்; கரண்ட் போனாலும் வகுப்பு நிற்காது.

அம்பாசமுத்திரம், வாசகர் வட்டம்: 20 பேர் கூடுவோம். எவ்வளவு பேண்ட்வித் வேணும்?

360பி படத்துக்கு ஒருவருக்குச் சுமார் 500 கேபிபிஎஸ் (0.5 எம்பிபிஎஸ்) என்று வையுங்கள். ஒவ்வொருவருக்கும் மற்ற 19 பேர் படமும் போகவேண்டும். 20 × 19 × 0.5, அதாவது சர்வரிலிருந்து வெளியே 190 எம்பிபிஎஸ். கடைசியாகப் பேசிய 4 பேர் படம் மட்டும் போதும் என்று 'லாஸ்ட் என்' அமைப்பில் 4 போட்டால் இதுவே 40 ஆகிவிடும். குரல் எல்லாருடையதும் கேட்கும். புத்தகம் பேசத்தானே கூடுகிறீர்கள், 20 முகம் எதற்கு?

வள்ளியூர்: அண்ணாச்சி, ஸ்பீட் டெஸ்ட் 100 காட்டுது. குரல் மட்டும் விட்டு விட்டு வருது. ஆடிக் காத்துல கேபிள் ஆடுதோ?

காத்து மேல பழியைப் போடாதீங்க. அந்த 100 டவுன்லோடு. பேச்சைக் கெடுப்பது தாமதமும் பாக்கெட் (தரவுத் துண்டு) இழப்பும். பாக்கெட் போய்த் திரும்பும் நேரத்தைக் காட்டும் பிங் கட்டளையை ஓடவிட்டுக்கொண்டே ஒரு பெரிய ஃபைலை அப்லோடு செய்யுங்கள். 20 மில்லிசெகண்ட் இருந்தது பல நூறுக்குத் தாவினால், ரவுட்டர் பாக்கெட்டுகளை வரிசையில் நிறுத்திவைக்கிறது. ஒரு பக்கத் தாமதம் 150 மில்லிசெகண்டுக்குள் இருப்பது நல்லது என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் (ஐடியூ) பரிந்துரை. ஓபன்-டபிள்யூஆர்டி என்ற இலவச ரவுட்டர் மென்பொருளை ஏற்கும் ரவுட்டர் என்றால், அந்த வரிசையைக் குறைக்கும் எஸ்க்யூஎம் போட்டு, 'கேக்' முறையைத் தேர்ந்தெடுத்து, அளந்த அப்லோடு வேகத்தில் 85–90 சதவீதத்தை வரம்பாக வையுங்கள். வேகம் கொஞ்சம் குறையும், பேச்சு சீராகும். அதற்கும் முன்னால் வைஃபையை விட்டுவிட்டு லேன் வயரைச் சொருகிப் பாருங்கள்.

மேலப்பாளையம்: குரல் பாக்கெட்டுக்கு டிஎஸ்சிபி 46 என்ற அடையாள எண் போட்டால் முன்னுரிமை கிடைக்குமா?

உங்கள் ஆபீஸ் சுவிட்சும் ரவுட்டரும் அதை மதிக்கும்படி அமைத்தால், ஆபீஸுக்குள் கிடைக்கும். இணையத்தில் இறங்கியபின் அதை நம்பவேண்டாம்.

கல்லிடைக்குறிச்சி, ஓய்வுபெற்ற ஆசிரியை: தம்பி, பேரன் ஆஸ்டிரிஸ்க் என்ற போன் சர்வர் மென்பொருள் போட்டுத் தந்தான். சாதாரண போனில் சேர்கிறவர்கள் கூடக்கூட இரைச்சலும் கூடுகிறது.

அம்மா, பேசாமல் இருப்பவர்கள் வீட்டு மின்விசிறி, டிவி எல்லாம் சேர்ந்த சத்தம் அது. ஆஸ்டிரிஸ்கில் பலரைச் சேர்த்துப் பேசவைக்கும் கான்ஃப்-பிரிட்ஜில் பயனர் பிரிவுக்குள் மௌனத்தை விலக்கும் அமைப்பை 'யெஸ்' ஆக்கச் சொல்லுங்கள். பெரிய கூட்டத்துக்கு இதுதான் முக்கியம். குரல் வெட்டுப்பட்டால், முன்பின்னாக வரும் பாக்கெட்டுகளைச் சீராக்கும் ஜிட்டர் பஃபரையும் போடலாம், கொஞ்சம் தாமதம் சேரும். இரைச்சல் நீக்கியும் உண்டு. அதற்கு ஸ்பீக்ஸ் மாட்யூல் நிறுவியிருக்க வேண்டும் என்று பேரனிடம் சொல்லிவிடுங்கள்.