கீரிப்பாறைச் சரிவில் ஒன்றரை அடியிலேயே பாறை
கன்னியாகுமரி மாவட்டம் கீரிப்பாறையில குழி தோண்டினா ஒன்றரை அடியில் பாறை தட்டுது, மணற்கல்லா, ரப்பர் வைக்கலாமான்னு கேட்டிருந்தீங்க. உடைச்ச கல்லை விரலால தேய்ங்க. மணல் உதிர்ந்தா மணற்கல்லா இருக்கலாம், மக்கின வேற பாறையாவும் இருக்கலாம். நம்ம மலையில பெரும்பாலும் சார்னோக்கைட்டும் (கருங்கல் மாதிரி கெட்டியான பாறை) வரிவரியான நைஸ் பாறையும்தான்.

அடுத்து கடப்பாரையால குத்துங்க. 'ணங்'குன்னு தெறிச்சா கெட்டிப்பாறை, அங்க ரப்பர் வேண்டாம். ஆணிவேருக்கு 1 மீட்டராவது வேணும். பொதபொதன்னு இறங்கினா மக்கின பாறை, வேர் நுழையும். வெடி வச்சுக் குழி எடுக்காதீங்க: மழையில தொட்டி மாதிரி தண்ணி நின்னு வேர் அழுகிடும்.

மண்ணைச் சலிச்சுப் பாருங்க. பாதி சரளைன்னா ஈரம் தங்குறதும் ஏறக்குறைய பாதிதான்; மாசி வெயில்ல கன்னு சுருண்டுடும். பொறுக்கின கல்லால சரிவுக்குக் குறுக்கே கையாலை (கல் வரப்பு) கட்டுங்க. சருகை மட்டும் எரிக்காதீங்க, மேல்மண்ணுலதான் சத்து அதிகம் இருக்கு.